வேக்சர்ஃப் போர்டு பழுது, வாரண்டி மறுப்பு: கடையா, கம்பெனியா, கார்டா, கோர்ட்டா?

வாரண்டி தகராறில் மாட்டிக்கொண்டவர்கள் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. வேக்சர்ஃப் (படகு கிளப்பும் அலையில் நின்று சறுக்கும் விளையாட்டு) போர்டு வாங்கிச் சில மாதம்தான் ஆகிறது. மேல்தோல் ஓரிடத்தில் உப்பிவிட்டது, அல்லது ஃபின் பாக்ஸைச் (போர்டின் அடியில் துடுப்புபோன்ற ஃபினை மாட்டும் இடம்) சுற்றி விரிசல் விட்டிருக்கிறது. கம்பெனிக்குப் படம் எடுத்து அனுப்பினால், "அடிபட்டதால் வந்த சேதம், வாரண்டியில் வராது" என்று இரண்டு வரியில் பதில் வருகிறது. இனி யாரைப் பிடிப்பது? விற்ற கடையையா, திரும்பவும் கம்பெனியையா, கார்டு கொடுத்த பேங்கையா, நுகர்வோர் நீதிமன்றத்தையா? இல்லை, போனது போகட்டும் என்று ரிப்பேர் செய்துகொண்டு தண்ணீரில் இறங்கிவிடலாமா?

இந்த ஐந்துமே வேலை செய்யும் வழிகள்தான். பலரும் தோற்பது வழியைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததால் அல்ல, வரிசையைத் தப்பாகப் போட்டதால். கம்பெனியோடு இமெயிலில் மல்லுக்கட்டிக்கொண்டு இருக்கும்போதே கடையிடம் கேட்கும் உரிமையும் பேங்கிடம் கேட்கும் உரிமையும் சத்தமில்லாமல் காலாவதி ஆகிவிடும். கம்பெனி கடைசியாகக் கையை விரிக்கும்போது மற்ற கதவுகளும் சாத்தியிருக்கும்.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் கெடு. ஒவ்வொரு வழிக்கும் தனித்தனிக் கெடு உண்டு. ஒன்றில் முயன்றுகொண்டிருப்பதால் மற்றொன்றின் கெடு நிற்காது.

அடுத்தது நிரூபிக்கும் பொறுப்பு. பழுது ஆரம்பத்திலிருந்தே இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டுமா, அல்லது நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று அவர்கள் காட்ட வேண்டுமா? பாதித் தகராறு இந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

மூன்றாவது கைக்காசு. கொரியர், பேக்கிங், கட்டணம், அலைச்சல். நான்காவது, ஜெயித்தால் கையில் என்ன வரும்: பணமா, புது போர்டா, ஒட்டுப்போட்ட பழைய போர்டா, தள்ளுபடிக் கூப்பனா? ஐந்தாவது சீசன். கோடையில் மட்டும் ஏரியில் இறங்க முடிகிற ஊரில் இருப்பவருக்கு இரண்டு மாதம் காத்திருப்பது என்றால் அந்த வருஷமே போச்சு. வருஷம் முழுக்க இறங்க முடிகிறவருக்கு அது பெரிய விஷயம் இல்லை.

## அதற்கு முன்னால் போர்டைக் கொஞ்சம் பாருங்கள்

உங்கள் பழுது எந்த வகை என்று தெரியாமல் எந்த வழியையும் எடைபோட முடியாது. வேக்சர்ஃப் போர்டுகளில் பொதுவாக இரண்டு ரகம். ஒன்று, அச்சில் வைத்து அழுத்திச் செய்வது. கனம் கூட, முரட்டுத்தனமாகத் தாங்கும். இன்னொன்று, இபிஎஸ் ஃபோமைச் (தெர்மோகோல் ரகம்) செதுக்கி அதன்மேல் ஃபைபர்கிளாஸோ கார்பனோ போர்த்தி எப்பாக்சி (கெட்டியாக இறுகும் பிசின்) ஊற்றிச் செய்வது; இலேசு, விலை அதிகம், நோஞ்சான். தகராறுகள் பெரும்பாலும் இரண்டாவது ரகத்தில்தான் வருகின்றன. தோலுக்கும் ஃபோமுக்கும் நடுவே ஒட்டுதல் விட்டுப்போனால் அந்த இடம் உப்பும். சிறு துளை இருந்தால் தண்ணீர் உள்ளே போய் ஃபோம் மணிகளுக்கு இடையே தங்கிவிடும்.

விரல் நுனியாலோ ஒரு நாணயத்தாலோ போர்டு முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கெட்டியான சத்தம் வரும். ஒட்டுதல் விட்ட இடத்தில் 'தொப் தொப்' என்று மந்தமாகக் கேட்கும். அந்த எல்லையைப் பென்சிலால் மெல்ல வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். கட்டைவிரலால் அழுத்தும்போது தோல் உள்ளே போய் வருவதை வீடியோவாக எடுங்கள். அது பத்து படத்துக்குச் சமம். அப்புறம் போர்டை எடைபோடுங்கள். சில நாள் நிழலில் சாய்த்து வைத்துத் திரும்ப எடைபோட்டு எடை குறைந்திருந்தால், உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஃபின் பாக்ஸ் விரிசல் என்றால் எல்லாரும் பாக்ஸை மட்டும் படம் எடுக்கிறார்கள். கம்பெனிக்காரர் தேடுவது ஃபினின் நுனியை. நுனி சிராய்த்திருந்தால், ஆழமில்லாத இடத்தில் தரையில் இடித்திருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுவார். நுனியும் ஃபினின் அடிப்பகுதியும் சுத்தமாக இருந்து, பாக்ஸைச் சுற்றி மட்டும் வளையமாக விரிசல் ஓடியிருந்தால், ஒட்டுதல் சரியில்லை என்ற உங்கள் வாதம் பலமாகும். ஆகவே ஃபினையும் கழற்றி, இரண்டு பக்கமும் படம் எடுங்கள். அடிபட்ட சேதத்துக்கும் தனி அடையாளம் உண்டு: நட்சத்திரம்போலப் பிரிந்த விரிசல், நசுங்கிய குழி, உரிந்த பெயின்ட். இவை எதுவும் இல்லாமல் தோல் உடையாமலேயே உப்பியிருந்தால், அதை 'அடி' என்று சொல்வது கஷ்டம்.

ஆனால் 'வெயில்' என்று சொல்லலாம். இதுதான் இந்தத் தகராறுகளிலேயே மோசமானது. வெயிலில் நிறுத்திய மூடிய காருக்குள் வெப்பம் 50 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். படகின் டவர் ரேக்கில் நாள் முழுக்க மாட்டி வைத்தாலும், கருப்பு உறைக்குள் போட்டு வெளியே விட்டாலும் இதே கதை. உள்ளே இருக்கும் காற்று விரிந்து, இளகிய தோலைத் தூக்கிவிடும். வாரண்டித் தாள்களில் வெப்பச் சேதம் விலக்காக இருப்பது வழக்கம். உப்பல் ட்ராக்ஷன் பேடுக்குக் (கால் வழுக்காமல் இருக்க ஒட்டும் மெத்தை) கீழே, மேல்பக்கத்தில் மட்டும் இருந்தால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்க வாய்ப்பு உண்டு. அடிப்பக்கத்தில் ஃபின் பாக்ஸை ஒட்டியோ விளிம்பின் இணைப்பிலோ ஆரம்பித்திருந்தால், விடாமல் கேளுங்கள்.

குதிகால் பதிந்த சின்னச் சின்னப் பள்ளங்களுக்காக யாரோடும் மோத வேண்டாம். இலேசான போர்டில் அது வரத்தான் செய்யும். யாரும் ஏற்க மாட்டார்கள்.

பழுதைக் கண்ட பிறகு அந்த போர்டில் ஏறவும் வேண்டாம். "தெரிந்தும் ஓட்டிப் பெரிதாக்கினீர்கள்" என்ற ஒரு வரியை அவர்களுக்கு நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகும்.

## வழி 1: விற்ற கடை

பலர் இந்த வழியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கடைக்காரரும் "வாரண்டி கம்பெனியுடையது, அங்கே எழுதுங்கள்" என்பார். பல நாடுகளின் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. உங்களுக்கு விற்றது கடை. பொருள் சரியாக இருக்க வேண்டிய பொறுப்பும் முதலில் கடையுடையது. கம்பெனி கொடுக்கும் வாரண்டி அதற்கு மேல் ஒரு கூடுதல் சலுகை.

பிரிட்டனில் 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, பழுதான பொருளை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். முதல் 6 மாதத்துக்குள் தெரியவரும் பழுது, விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று காட்டுவது கடையின் வேலை. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்பவரின் பொறுப்பு குறைந்தது 2 வருஷம். அதில் முதல் வருஷம் நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது. ஆஸ்திரேலியாவில் பழுது பெரியதாக இருந்தால், பணமா மாற்றுப் பொருளா என்பதை வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம். கடை உங்களைக் கம்பெனி பக்கம் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில், பொருள் அதன் வழக்கமான பயனுக்கு ஏற்றதாக இருக்கும் என்ற சொல்லாத உறுதியும் விற்பனையோடு சேர்ந்தே வருகிறது. எழுத்தில் வாரண்டி கொடுத்த கம்பெனி அந்தச் சொல்லாத உறுதியை அடியோடு மறுத்துவிட முடியாது என்கிறது 1975இன் மேக்னசன்-மாஸ் சட்டம்.

கைக்காசு அதிகம் போகாது, போர்டைத் தூக்கிக்கொண்டு நேரே போகலாம். இன்னொரு லாபமும் உண்டு. டீலருக்குக் கம்பெனியில் ஒரு ஆள் இருப்பார். உங்கள் இமெயிலுக்கு மூன்று வாரம் கழித்து வரும் பதில், டீலர் ஒரு போன் போட்டால் அன்றைக்கே வந்துவிடலாம். இதே மாடலில் வேறு யாருக்காவது இப்படி ஆனதா என்று கடையில் கேட்டுப் பாருங்கள். ஆம் என்றால், அதை ஒரு இமெயிலில் எழுதி வாங்க முயலுங்கள்.

மறைந்திருக்கும் செலவு: ஆன்லைனில் வேறு நாட்டுக் கடையில் வாங்கியிருந்தால் இந்த வழியின் பலம் பெரும்பாலும் போய்விடும். அங்கீகரிக்கப்படாத விற்பனையாளரிடம் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியிருந்தால் கம்பெனி வாரண்டியும் இருக்காது. கடையை மட்டும்தான் நம்ப வேண்டும்.

## வழி 2: தயாரித்த கம்பெனி

பழுது தெளிவாகத் தயாரிப்புக் குறையாக இருந்து, வாரண்டிக் காலம் மீதமிருந்து, கடை மூடிவிட்டது அல்லது தொலைவில் இருக்கிறது என்றால் இதுதான் சரியான வழி. பில், சீரியல் நம்பர், படங்கள், எப்போது வாங்கினீர்கள், எப்போது பழுதைப் பார்த்தீர்கள், போர்டை எங்கே வைத்திருந்தீர்கள் என்று எல்லாவற்றையும் முதல் இமெயிலிலேயே அனுப்பிவிடுங்கள். துண்டுதுண்டாக அனுப்பினால் துண்டுதுண்டாகத்தான் பதில் வரும்.

மறுத்து எழுதினால் கோபப்பட்டு நீளமாக எழுதாதீர்கள். மூன்றே கேள்வி கேளுங்கள்: வாரண்டியின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள்? என் படங்களில் எந்தப் படத்தில், எந்த இடத்தில் அடிபட்ட அடையாளம் தெரிகிறது? போர்டை நேரில் பார்க்காமல் முடிவெடுத்தீர்களா? பொத்தாம்பொதுவாக எழுதிய மறுப்பு இந்த மூன்றுக்கும் தாங்காது. பதில் வராவிட்டாலும் லாபம்தான். பின்னால் பேங்கிடமோ நீதிமன்றத்திலோ காட்ட இந்தக் கடிதம் உதவும்.

"போர்டை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். கொரியர்காரர் எடையை மட்டும் பார்ப்பதில்லை, பெட்டியின் பருமனையும் பார்ப்பார். 150 × 60 × 15 சென்டிமீட்டர் பெட்டி 1,35,000 கன சென்டிமீட்டர். பல கொரியர்கள் இதை 5,000ஆல் வகுப்பார்கள். வருவது 27. போர்டு மூன்று நான்கு கிலோ இருக்கலாம், காசு 27 கிலோவுக்கு. கம்பெனி மறுத்துவிட்டால் திரும்பி வரும் செலவும் உங்கள் தலையில் விழலாம். ஆகவே அனுப்பும் முன்பே "போக வர யார் செலவு?" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சில கம்பெனிகள் அனுப்பச் சொல்லாமல், போர்டை அறுத்துப் படம் அனுப்பச் சொல்லும். மாற்று போர்டு தருவதாக எழுத்தில் உறுதி வரும்வரை ரம்பத்தைத் தொடாதீர்கள்.

இங்கே அடிக்கடி வரும் சமரசம் தள்ளுபடி: "வாரண்டியில் வராது, ஆனால் நல்லெண்ணத்தில் புது போர்டுக்கு 40 சதவீதம் குறைத்துத் தருகிறோம்." கேட்க நன்றாக இருக்கும். எதன்மேல் 40 சதவீதம் என்று பாருங்கள். பட்டியல் விலையின்மேல் என்றால், சீசன் முடிவில் எந்தக் கடையிலும் அதே போர்டு 30 சதவீதம் குறைவாகக் கிடைக்கலாம். அப்போது உங்கள் நஷ்டத்துக்கு அவர்கள் தருவது 10 சதவீதம்தான். அந்தக் கடிதத்தில் "இத்துடன் எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது" என்ற வரி இருக்கிறதா என்றும் பாருங்கள். வெப்பத்தால் வந்ததோ என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால் இந்தத் தள்ளுபடியை வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்பேன். குறை அவர்களுடையது என்று உறுதியாகத் தெரிந்தால் வேண்டாம்.

மாற்று போர்டே வந்தாலும், அதற்கு வாரண்டி புதிதாக ஆரம்பிக்கிறதா, பழையதில் மீதிதானா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 3: கார்டு பேங்க்

கார்டில் கட்டியிருந்தால் 'சார்ஜ்பேக்' கேட்கலாம்: பழுதான பொருளை விற்றார்கள், சரிசெய்ய மறுக்கிறார்கள், பணத்தைத் திருப்புங்கள் என்று. விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்கான கெடு பொதுவாக 120 நாள். கடையோடு பேசித் தீர்க்க முயன்றதற்கும், போர்டைத் திருப்பித் தர முன்வந்ததற்கும் ஆதாரம் கேட்பார்கள். வழி 1இல் எழுதிய இமெயில்கள் இங்கே கைகொடுக்கும்.

பிரிட்டனில் கிரெடிட் கார்டுக்குத் தனிப் பலம் உண்டு. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆவது பிரிவுப்படி, பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை இருந்தால், கார்டு நிறுவனமும் கடையோடு சேர்ந்து பொறுப்பு. அது 120 நாள் கணக்குக்கு உட்பட்டதல்ல.

வாங்கிய ஓரிரு மாதத்துக்குள் பழுது வந்து, கடையும் கைவிரித்தால் இதைவிட வேகமான வழி இல்லை. ஜெயித்தால் வருவது பணம், கூப்பன் இல்லை. ஆனால் ஒரு சீசன் முழுக்க ஓட்டிவிட்டு வரும் வாரண்டி வழக்குக்கு இது ஒத்துவராது. பேங்குக்கு ஃபைபர்கிளாஸ் தெரியாது; "பொருள் வந்தது, பயன்படுத்தினார்" என்று கடை சொன்னால் அதோடு சரி. அந்தக் கடையோடு இருந்த உறவும் முறிந்துவிடும். ஊரில் ஒரே டீலர், படகு சர்வீஸும் அவரிடம்தான் என்றால் இரண்டு தடவை யோசியுங்கள்.

## வழி 4: நுகர்வோர் நீதிமன்றம்

விலை உயர்ந்த போர்டு, வலுவான ஆதாரம், பொறுமை — மூன்றும் இருந்தால் மட்டும். பெரும்பாலும் வழக்குவரை போகவே வேண்டியதில்லை. தேதி போட்டு, என்ன வேண்டும் என்று சொல்லி, இத்தனை நாளில் பதில் வராவிட்டால் வழக்கு என்று எழுதும் நோட்டீஸே பாதி வேலையை முடித்துவிடும்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கெடு 2 வருஷம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் சிறு வழக்கு நீதிமன்றங்கள் உண்டு. தொகை வரம்பு மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

யார்மேல் போடுவது என்பது முக்கியம். வெளிநாட்டுக் கம்பெனிமேல் தீர்ப்பு வாங்கினாலும் பணத்தை வசூலிப்பது வேறு கதை. உங்கள் ஊரிலோ நாட்டிலோ இருக்கும் விற்பனையாளரையோ இறக்குமதியாளரையோ சேர்க்காத வழக்குக்குப் பல் இருக்காது. மறைந்திருக்கும் செலவு நிபுணர் கருத்து: நீதிபதிக்கும் ஃபைபர்கிளாஸ் தெரியாது, ஆய்வகச் சோதனையோ அனுபவமுள்ள ரிப்பேர்காரரின் எழுத்துமூலக் கருத்தோ தேவைப்படலாம். அதுவரை போர்டு இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும். சுவரோரம் ஒரு சீசன் சும்மா நிற்கும்.

## வழி 5: ரிப்பேர் செய்துகொண்டு போவது

இதைத் தோல்வி என்று நினைக்கத் தேவையில்லை. பழுது சின்னது, வாரண்டி முடிந்துவிட்டது, அல்லது போர்டின் விலைக்கு இத்தனை அலைச்சல் தகாது என்றால் இதுவே நல்ல வழி. சர்ஃப்போர்டு ரிப்பேர் செய்பவருக்கு இது தினசரி வேலை. நீங்களே செய்தால் ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: இபிஎஸ் ஃபோமில் எப்பாக்சி மட்டுமே. பாலியஸ்டர் ரெசின் அந்த ஃபோமைக் கரைத்துவிடும். எடை குறைவது நிற்கும்வரை உலரவிடாமல் ஒட்டினால், தண்ணீரை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும்.

ஆனால் ரிப்பேர் செய்த மறுநிமிஷம் மற்ற நான்கு வழிகளும் ஏறக்குறைய முடிந்தன. அமெரிக்கச் சட்டத்தில், வெளியாளிடம் ரிப்பேர் செய்ததாலேயே வாரண்டி முழுதும் ரத்து என்று கம்பெனி சொல்ல முடியாது. ஆனால் ஆதாரம் புது ஃபைபர்கிளாஸுக்குக் கீழே புதைந்துவிடுகிறதே, அதற்குச் சட்டம் எதுவும் செய்ய முடியாது. எழுத்தில் இறுதி மறுப்பு வந்து, மேலே போவதில்லை என்று நீங்களே முடிவு செய்த பிறகுதான் ரெசின் டப்பாவைத் திறக்க வேண்டும். கொஞ்சம் எடை கூடும், நிறம் சேராது, விற்கும்போது விலை இறங்கும்.

## ஒரு பார்வையில்

| வழி | கெடு | கைக்காசு | கிடைப்பது | எப்போது பொருந்தும் |
|---|---|---|---|---|
| கடை | நாட்டைப் பொறுத்து 30 நாள் முதல் 2 வருஷமோ அதற்கு மேலோ | குறைவு | பணம், மாற்று போர்டு, ரிப்பேர் | உள்நாட்டில் வாங்கியது. முதல் சில மாதங்கள் |
| கம்பெனி | வாரண்டித் தாளில் உள்ளபடி | கொரியர் செலவு கடிக்கும் | மாற்று போர்டு அல்லது தள்ளுபடி | தெளிவான தயாரிப்புக் குறை |
| கார்டு | பொதுவாக 120 நாள் | இல்லை என்றே சொல்லலாம் | பணம் | புதிதிலேயே பழுது, கடை மறுத்தது |
| நீதிமன்றம் | இந்தியாவில் 2 வருஷம். மற்ற இடங்களில் மாறும் | நிபுணர் கருத்து, நேரம் | பணம், சில சமயம் இழப்பீடும் | விலை உயர்ந்த போர்டு, உள்நாட்டு விற்பனையாளர் |
| ரிப்பேர் | இல்லை | ரிப்பேர் கூலி | ஓட்டக்கூடிய போர்டு | சின்னப் பழுது, வாரண்டி முடிந்தது |

நானாக இருந்தால், பழுதைப் பார்த்த அன்றே கடைக்கும் கம்பெனிக்கும் ஒரே இமெயிலை அனுப்பிவிட்டு, 120ஆவது நாள் எப்போது என்று காலண்டரில் குறித்துக்கொள்வேன். அதற்கு மூன்று வாரம் முன்புவரை தீராவிட்டால் பேங்குக்குப் போவேன். ஒரே பணத்தை இரண்டு இடத்தில் வாங்க முடியாது; ஒரு இடத்தில் தீர்ந்ததும் மற்றதை நிறுத்த வேண்டும்.

## செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்களுக்கு

பெரும்பாலான போர்டு வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான். பில் யார் பெயரில் இருக்கிறதோ, அவர் எழுதினால்தான் கம்பெனி காது கொடுக்கும். விற்றவர் நல்ல மாதிரியாக இருந்தால், அவர் பெயரிலேயே கிளெய்ம் போடச் சொல்லுங்கள். ஆனால் போர்டு கைமாறியதை மறைக்கச் சொல்லாதீர்கள், சீரியல் நம்பரோடு அவர் போட்ட விற்பனை விளம்பரமோ நீங்கள் போட்ட படமோ எங்காவது கிடந்தால் இருவருக்கும் சிக்கல். டெமோ போர்டு, 'இருக்கிற நிலையில்' என்று எழுதிக் கழிவு விலையில் விற்ற போர்டு ஆகியவற்றுக்கும் பில்லில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்த பிறகுதான் மேலே உள்ள எந்த வழியையும் யோசிக்க வேண்டும். அப்படி வாங்கிய போர்டில் தட்டினால் 'தொப்' என்று கேட்கிறதா, நேராக ஐந்தாவது வழிதான்.